உச்சவரம்புக்குச் சட்டம், நம் பங்குக்கு வெறும் ஆணையா?

"அரசிடம் பணம் இல்லை, செலவைக் குறைத்தே ஆகவேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். யாருடைய செலவை என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை ஊர் ஊராக, வீடு வீடாக விவாதிக்க ஒரு நாட்டு மக்களுக்கு 2012-ல் வாய்ப்பு கிடைத்தது. நமக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அந்த நாடு அயர்லாந்து. வங்கிகள் கவிழ்ந்து, 2010 நவம்பரில் 8,500 கோடி யூரோ மீட்புக் கடன் வாங்கி, ஏற்கெனவே சம்பளத்தையும் உதவித்தொகைகளையும் வெட்டிக்கொண்டிருந்த நாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் 25 நாடுகள் 2012 மார்ச்சில் ஒரு நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொருளாதார ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தால், அரசின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடன் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்கு வீதம் அந்த மிகையைக் குறைக்க வேண்டும். இந்த விதியை ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தத்தின் சாரம். மற்ற நாடுகளில் நாடாளுமன்றமே முடித்துவிட்டது. அயர்லாந்தில் மட்டும் மே 31 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது.

விவாதம் பெயரிலேயே தொடங்கியது. ஆளுங்கட்சிகள் அதை 'நிலைத்தன்மை ஒப்பந்தம்' என்றன. எதிர்த்தவர்கள் 'சிக்கன ஒப்பந்தம்' என்றார்கள். ஒப்புதல் தராத நாட்டுக்கு ஐரோப்பாவின் புதிய மீட்பு நிதியிலிருந்து உதவி கிடையாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதை 'மிரட்டல் விதி' என்று எதிர்த்தரப்பு சொன்னது. ஒரு தரப்புக்கு ஆதரவாக அரசு பொதுப்பணத்தைச் செலவிடக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருந்ததால், தனியான வாக்கெடுப்பு ஆணையம் ஒன்று விளக்கப் புத்தகம் அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்பியது. முடிவில் 60 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். வாக்களித்தவர்களோ பாதிப்பேர்தான்.

அந்த முடிவைத் தொகுதிவாரியாகப் பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது. டப்ளினின் வசதியான தென்பகுதித் தொகுதிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் 'ஆம்'. தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த டப்ளின் தொகுதிகள் மூன்றும், வடமேற்கு மூலையில் பின்தங்கிக் கிடக்கும் டோனிகல் மாவட்டத்தின் இரண்டு தொகுதிகளும் 'இல்லை'. செலவுக் குறைப்பு முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று அந்த ஐந்து தொகுதி மக்களுக்குத் தெரிந்திருந்தது.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அதே மாதிரி ஒரு விதி நம் தலைமேல் 2003-லிருந்து இருக்கிறது. அதைப் பற்றி யாரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் 2003-ல் வந்தது. ஒன்றிய அரசின் சட்டமும் அதே ஆண்டில்தான். பற்றாக்குறைக்கு வரம்பு வைப்பது, வருவாய்ப் பற்றாக்குறையைப் படிப்படியாக ஒழிப்பது இதன் நோக்கம். பிறகு 12-வது நிதிக்குழு, இப்படி ஒரு சட்டம் இயற்றும் மாநிலங்களுக்குத்தான் கடன் நிவாரணம் என்று நிபந்தனை வைத்தது. அயர்லாந்துக்காரர்கள் 'மிரட்டல் விதி' என்று சுவரொட்டி ஒட்டிய அதே சங்கதி, இங்கே நிதிக்குழு அறிக்கையின் ஒரு பத்தியாக அமைதியாக நடந்து முடிந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது மாநிலங்களின் கடன் வரம்பை 3-லிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார்கள். உயர்த்திய 2 சதவீதத்தில் அரை சதவீதத்துக்குத்தான் நிபந்தனை இல்லை. மீதியைப் பெற ரேஷன், மின்சாரம், நகராட்சி வரி போன்றவற்றில் ஒன்றிய அரசு சொன்ன மாற்றங்களைச் செய்ய வேண்டும். அதே ஆண்டில் ஒன்றிய அரசின் சொந்தப் பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கு நிபந்தனை போட யாரும் இல்லை.

'பொறுப்புடைமை' என்ற பெயரையும் கவனியுங்கள். எதிர்த்துப் பேசுகிறவர் பொறுப்பில்லாதவர் ஆகிவிடுகிறார். பேச்சு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். அரசின் செலவு இரண்டு வகை. பாலம், சாலை, கட்டடம் போன்றவை மூலதனச் செலவு. சம்பளம், உதவித்தொகை, ஓய்வூதியம், விடுதிச் சாப்பாடு இவையெல்லாம் வருவாய்ச் செலவு. 2020-ல் திறந்த சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் கணக்கில் ஒரு சொத்து. ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ ஆதிதிராவிடர் நல விடுதியில் சமைக்கும் அக்காவின் சம்பளம், அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளையின் உதவித்தொகை, நலப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் எல்லாம் குறைக்க வேண்டிய வருவாய்ச் செலவு. அந்த விடுதியில் படித்து ஒரு பெண் செவிலியர் ஆனால் அது சொத்து இல்லையா? இந்தக் கணக்குமுறையில் இல்லை. நிலமும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் இருக்கும் ஒரு சமூகத்துக்கு அரசு செய்யும் செலவில் பெரும்பகுதி வருவாய்ச் செலவாகத்தான் இருக்கும். வருவாய்ச் செலவைக் குறை என்று பொதுவாகச் சொல்லும் விதி, சாதி பெயரைச் சொல்லாமலே சேரியைக் குறி வைக்கிறது.

வேலைவாய்ப்பிலும் இதே கதை. 2001 நவம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த நியமனத் தடை 2006 வரை நீடித்தது. 2003 ஏப்ரல் 1-லிருந்து சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் கீழ்நிலைப் பணியிடங்களைச் சுருக்கி வெளிமுகமைக்கு வழிவிட்டது. இடஒதுக்கீடு இருப்பது நிரந்தரப் பணியிடத்துக்கு. ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலுக்கு இல்லை. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை 2009-ல் சட்டமாக்கினோம், 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது, கொண்டாடினோம். ஆனால் துப்புரவுப் பணியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை, அப்பா நிரந்தரமாகப் பார்த்த அதே வேலையை இன்று தினக்கூலியாகப் பார்க்கிறான். ஒதுக்கீட்டை யாரும் ஒழிக்கவில்லை. ஒதுக்குவதற்கான இடத்தைத்தான் குறைத்துவிட்டார்கள்.

மிகக் கொடுமையானது கல்வி உதவித்தொகை விஷயம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் 'உறுதிப் பொறுப்பு' என்று ஒரு சூத்திரம் இருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் மாநிலம் 100 ரூபாய் செலவழித்திருந்தால், அடுத்த காலத்தில் அந்த 100 முழுக்க மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு மேல் ஆகும் தொகையைத்தான் டெல்லி தரும். 2017-ல் 12-வது திட்டம் முடிந்ததும் பெரும்பாரம் மாநிலங்கள் தலையில் விழுந்தது. மாநிலத்துக்கோ 3 சதவீத வரம்பு. இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாட்டியது மாணவர்தான். எங்கள் பகுதியில் நான் பார்த்த ஒரு பெண், விசைத்தறித் தொழிலாளியின் மகள், பொறியியல் முடித்தும் சான்றிதழ் கைக்கு வரவில்லை. உதவித்தொகை வந்தால் தருகிறோம் என்று கல்லூரி வைத்துக்கொண்டது. அவள் ஒன்றரை வருடம் கோழிப்பண்ணை அலுவலகத்தில் முட்டைக் கணக்கு எழுதினாள். 2020 டிசம்பரில்தான் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீடு முடிவாகி, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நடுவில் போன ஆண்டுகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக நிதியமைச்சர் வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னார்கள். கடனை வகுக்கும்போது சேரியும் ஊரும் சமம்! செலவை வகுக்கும்போது மட்டும் ஏன் இல்லை?

இதற்குப் பதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவிலும் அவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக் கூறு திட்டம் 1979-80-ல் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். ஆனால் இந்தத் திட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வழிகாட்டுதலாகவும் அரசாணையாகவும்தான் ஓடியது. தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சட்டம் வந்தது 2024-ல். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவரின் நிம்மதிக்கு 2003-லேயே சட்டம். இருபது சதவீத மக்களின் பங்குக்குச் சட்டம் வர அதற்குப் பிறகும் 21 ஆண்டுகள். உச்சவரம்புக்கு இருந்த அவசரம் அடிவரம்புக்கு இல்லை.

சட்டம் வந்துவிட்டதே, இனிப் போதும் என்றும் இருந்துவிட முடியாது. கர்நாடகத்தில் 2013-லேயே இப்படி ஒரு சட்டம் உண்டு. அங்கே 2023-ல் தேர்தல் உத்தரவாதத் திட்டங்களுக்குத் துணைத் திட்ட நிதியிலிருந்து சுமார் 11,000 கோடி ரூபாயைக் காட்டினார்கள். பயனாளிகளில் பட்டியல் சாதியினரும் இருக்கிறார்கள் என்பது அரசின் வாதம். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் பேருந்துப் பயணத்துக்கு எங்கள் தனிப்பங்கிலிருந்து ஏன் எடுக்கிறீர்கள் என்பது நம் கேள்வி. பொதுத் திட்டத்தில் நமக்குள்ள பங்கு குடிமக்கள் என்பதற்காக வருவது. தனித் திட்டத்தில் உள்ள பங்கு நமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக வருவது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கக்கூடாது.

"அப்படியானால் கடனே வாங்கிக்கொண்டு போகலாமா? வட்டி கட்டுவது யார்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வட்டிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் பள்ளிக்கூடத்துக்கு வராத ரூபாய் என்பதை நான் மறுக்கவில்லை. கந்துவட்டியில் சிக்கிய குடும்பங்களோடு வேலை செய்கிறவளுக்குக் கடனின் வலி தெரியும். என் வாதம் வரம்பே வேண்டாம் என்பதல்ல. வரம்புக்குள் எதை முதலில் வெட்டுவது என்பது பொருளாதாரம் அல்ல, அரசியல். அதை அரசியலாகப் பேச வேண்டும் என்கிறேன்.

அயர்லாந்து போல நமக்கும் பொது வாக்கெடுப்பு வேண்டுமா? எனக்கு அதில் தயக்கம் உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது மட்டும் காரணமில்லை. கிரேக்கத்தில் 2015 ஜூலை 5 அன்று 61 சதவீதம் பேர் சிக்கன நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். எட்டே நாளில் அவர்கள் அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலோ எண்பது பேர் இருபது பேரின் பங்கைப் பற்றி வாக்களித்தால் முடிவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஆபத்தை அண்ணல் அம்பேத்கர் 1932-லேயே பார்த்தார். பூனா ஒப்பந்தப் பேச்சில் கடைசி வரை இழுபறியாக இருந்த விஷயங்களில் ஒன்று வாக்கெடுப்புதான். தனித் தொகுதிகளை என்றைக்காவது நிறுத்துவதென்றால் ஒடுக்கப்பட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தித்தான் நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்டார். ஊர் முழுக்க அல்ல, பாதிக்கப்படுகிறவர்கள் மட்டும் போடும் வாக்கு. ஐந்து ஆண்டுகளில் நடத்தலாம் என்றார் காந்தி. அவ்வளவு சீக்கிரம் முடியாது என்றார் அண்ணல். கடைசியில் அந்தப் பிரிவே இல்லாமல் செப்டம்பர் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அவர் வைத்த கொள்கை இன்றும் செல்லும்: யார் பங்கு குறைகிறதோ அவர்களைக் கேட்காமல் குறைக்காதே.

அதைக் கேட்க ஓர் இடம் நமக்கு உண்டு. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே தெருவிளக்கும் குடிநீரும் மட்டும்தான் பேசுகிறோம். இந்த ஆண்டு நம் ஊராட்சிக்குத் துணைத் திட்டத்தில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு திரும்பிப் போனது என்று தீர்மானம் போட்டுக் கேட்போம். ராசிபுரம், ஆத்தூர், கெங்கவல்லி தனித் தொகுதிகள். அந்தத் தொகுதி உறுப்பினர்களிடம் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுப்போம். பற்றாக்குறையைக் காட்டி எந்த வெட்டு வந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டைத் தொடக்கூடாது. செலவாகாத தொகை காலாவதியாகாமல் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர வேண்டும். அயர்லாந்தில் வீட்டுக்கு வந்தது போல, இந்தக் கணக்கு எளிய தமிழில் அச்சாகி ஒவ்வொரு ஊராட்சிக்கும் வர வேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்து வராதீர்கள்.

ஜெய் பீம்.