மூச்சுக்கு ஒரு வடிகட்டி



சிறுபோக அறுவடைக் காலத்தில் கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கமாகச் சென்றவர்கள் அந்தத் தூசியை நன்கு அறிவார்கள். ஒருபுறம் அறுவடை இயந்திரம் இறைக்கும் நெற்சுணை; மறுபுறம் கச்சான் காற்று அள்ளிவரும் வயற்பாதைப் புழுதி. வாகனத்தின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியை இயக்கினால் இவற்றிலிருந்து தப்பிவிட்டோம் என்று எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் எத்துணை சரியானது என்று ஆராயும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது.

எமது அயலில் நெல் வியாபாரி ஒருவர் வாழ்கின்றார். வயதில் மூத்தவராதலின் நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். 1990களின் தொடக்கத்தில் ஆக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் கெப் ஒன்று அவரிடம் உண்டு. நெல் மூட்டை ஏறுவதும் அதிலேதான்; பேத்தி பாடசாலைக்குப் போவதும் அதிலேதான். அப்பிள்ளைக்கு முட்டு வருத்தம்.

“வருசா வருசம் ஏசி பில்டர் மாத்தக் காசு குடுக்கன், சேர். புள்ளட இருமல் மட்டும் குறையுதில்ல” என்று ஒருநாள் மனம் வருந்திக் கூறினார். வெளியூரிலே வாகனம் திருத்துமிடம் ஒன்றில் பெற்ற பற்றுச்சீட்டையும் காட்டினார். “கழற்றிய பழைய வடிகட்டியை நீங்கள் கண்ணாற் கண்டீர்களா, காக்கா?” என்று வினவினேன். அவர் விடை கூறவில்லை.

மோட்டார் வாகனத்தில் இருவகைக் காற்று வடிகட்டிகள் இருக்கலாம். ஒன்று, எஞ்சின் உட்கொள்ளும் காற்றைத் தூய்மை செய்வது. மற்றையது, மனிதர் அமர்ந்திருக்கும் அறைக்குள் வரும் காற்றைத் தூய்மை செய்வது. முன்னையது எல்லா வண்டிக்கும் உண்டு, பின்னையது அவ்வாறன்று. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இலேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும் அமைப்பைத் தன் கார்களிற் பொருத்தியது. ஆயினும் அவ்வசதி பரவலாகப் பல ஆண்டுகள் சென்றன. பாரமேற்றும் வண்டிகளுக்கோ அது மிகவும் பிந்தியே வந்து சேர்ந்தது. நமது வயல்களில் உழுத பழைய உழவு இயந்திரங்களைப் பாருங்கள். எஞ்சினின் மூச்சுக்கு எண்ணெய் நிரப்பிய வடிகட்டி இருந்தது. மேலே அமர்ந்து ஓட்டியவரோ புழுதியை அப்படியே விழுங்கினார்!

ஆகவே, வடிகட்டி நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், அஃது இருக்கின்றதா என்று பார்ப்பதே முறை. ஒரு சனிக்கிழமை காலை காக்காவும் நானும் அதனைச் செய்தோம்.

வண்டியின் கைந்நூலை முதலிற் புரட்டினோம். எஞ்சின் வடிகட்டியைத் தவிர வேறொன்றும் அதிற் குறிக்கப்படவில்லை. அடுத்து, இடதுபுற இருக்கைக்கு முன்னுள்ள சிறு பெட்டியைக் கழற்றினோம். அதன் பின்னாலேதான் பெரும்பாலும் வடிகட்டியின் அறை அமைந்திருக்கும். கொளுவிகளால் இறுக்கிய தட்டையான மூடியொன்று அதற்கு அடையாளம். சில வண்டிகளில் அவ்வறை பொனட்டின் கீழே, முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் இருக்கும். இரண்டிடத்தையும் பார்த்தோம். மூடியும் இல்லை, அறையும் இல்லை. இறுதியாகச் செசி இலக்கத்தைக் கொடுத்து உதிரிப்பாகக் கடையில் விசாரித்தோம். அவ்வண்டிக்கு அப்படியொரு பாகமே பட்டியலில் இல்லை என்றார்கள்.

இதே ஹைலக்ஸின் 2005ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்த சில வண்டிகளில் அறை மட்டும் இருக்கும். பிளாஸ்டிக் தகடு அதனை அடைத்திருக்கும். அத்தகைய வண்டிக்கு வடிகட்டியைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். காக்காவின் வண்டிக்கு அந்தப் பேறும் இல்லை.

மாற்றப்பட்டது எஞ்சின் வடிகட்டியோ, எழுதுவதில் நேர்ந்த பிழையோ, அன்றி வேறு ஏதுமோ, யாம் அறியோம். பணம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. காற்று தூயதென்று நம்பி, அந்தப் பிள்ளையை அறுவடைக் காலத்திலும் அதே வண்டியில் அவர் ஏற்றிச் சென்றார். இல்லாத காவலை நம்பியிருப்பது, காவலே இல்லை என்று அறிந்திருப்பதைவிட ஆபத்தானது.

இல்லை என்று அறிந்தபின் செய்யத்தக்கவை பல தென்பட்டன. வெளிக்காற்றை உள்ளே விடும் நெம்புகோல் எப்போதும் திறந்தே கிடந்தது. தூசியுள்ள பாதையில் அதனை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுமாறு கூறினேன். நெடுநேரம் அவ்வாறே விட்டால் உள்ளிருக்கும் காற்று கெட்டுவிடும் என்பதால், தூசியற்ற இடத்திற் சிறிது திறக்கவும் வேண்டும். முன்கண்ணாடியின் அடியில் மக்கிக் கிடந்த இலைகளை அகற்றினோம். குளிர்விக்கும் பகுதியிற் படிந்த அழுக்கைக் கழுவித் துடைக்கும் பணியை அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்தோம். கடற்பஞ்சை வைத்து அடைக்கலாமா என்று காக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். காற்றோட்டம் குறைந்தால் அப்பகுதியிற் பனி உறைந்துவிடும். பேத்தியின் வருத்தத்தைப் பொறுத்தவரை, மருத்துவரின் மருந்தே முதன்மையானது. நாம் செய்தது துணை மட்டுமே.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஐந்தாண்டுகளின் பின்னரே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்த நாடு நமது நாடு. பழைய வண்டிகளைப் பேணிக் காப்பது நமக்குப் பழகிய தொழில். அவ்வாறு பேணுவோர் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளல் நன்று: எந்தப் பாகம் மாற்றப்பட்டாலும் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தல். அதிற் சந்தேகமும் இல்லை, சண்டையும் இல்லை. மாணவர்களே, ஆய்வுகூடத்தில் உங்களுக்குக் கற்பிக்கும் முதற்பாடமும் இதுவே அன்றோ?

இப்பொழுது காக்கா கண்ணாடியை ஏற்றுமுன் நெம்புகோலைப் பார்க்கின்றார். அதனை நகர்த்தும் உரிமையைப் பேத்தி தனதாக்கிக்கொண்டாள்.