கீலையும் கொஞ்சம் எடுங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிக்கட்டும், ஒழுகுகிற வீட்டில் எத்தனை காலம் இருப்பது? என் வயிற்றெரிச்சல் வேறு. இடிக்கிறதுக்கு முந்தின நாள் குடும்பமே வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. நிலையில் செதுக்கிய கஜலட்சுமி படத்தில் வருகிறாள், பித்தளைக் குமிழ் வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கதவைத் தாங்கிய குடுமி மட்டும் ஒரு படத்தில்கூட இல்லை.

குடுமிக் கதவில் இரும்புக் கீலே கிடையாது. கதவின் ஓரச் சட்டத்தையே மேலும் கீழும் குடுமி என்கிற முளையாகச் செதுக்கி, ஒன்றை நிலையின் துளையிலும் மற்றதை வாசற்படிக் குழியிலும் இறக்கியிருப்பார்கள். பாரம் முழுக்கக் கீழ்க் குழியில். அது தேயத் தேயக் கதவு இறங்கித் தரையில் வில்போல ஒரு கோடு விழும். கதவைத் தூக்கிக் குழிக்குள் ஓர் இரும்புத் துண்டைப் போட்டால் மறுபடி சுழலும். சித்திரை வெயிலில் சுருங்கியும் ஐப்பசி மழையில் ஊதியும் அந்த மரம் நின்றிருக்கிறது. எவ்வளவு பெரிய வேலை இது!

சாத்திய கதவில் இதெல்லாம் தெரியாது. பாதி திறந்து, பக்கவாட்டில் வெயில் விழும்போது எடுக்க வேண்டும். நான் அப்படி நிறுத்தினால், "ஏன் அண்ணாச்சி, சாத்திட்டு எடுத்தா அழகா இருக்கும்ல? பாதியில நிப்பாட்டுறீக?" என்று கேட்கிறார்கள். தறிக்காரர் வீட்டு மரப்பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாலும் இதே கேள்விதான். அங்கேதான் இரண்டு கம்பி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி மூடியைத் தாங்குகின்றன. பாக்குவெட்டியின் ஒற்றை ஆணி, கல்லாப்பெட்டியின் பட்டைக் கீல், எதையும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பெயிண்டை அப்பி, ஆணித் தலைகூடத் தெரியாமல் மூடிவிடுகிறார்கள்.

கதவு விலைபோனால் காரைக்குடி பழம்பொருள் கடைகள் வரைக்கும் போகிறது. அங்கிருந்து யாரோ ஒருவர் வீட்டு மேசைப் பலகையாகும்போது, துருத்திக்கொண்டிருக்கிறது என்று குடுமியைத்தான் முதலில் அறுக்கிறார்கள். மற்ற கதவுகளின் இரும்புக் கீல்கள் எடைக்குப் போய்விடுகின்றன.

திருச்சுழியில், 1879இல் ரமண மகரிஷி பிறந்த வீட்டைச் சுந்தர மந்திரம் என்று பேணுகிறார்கள். நம் பாட்டி பிள்ளை பெற்ற வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. படமாவது மிஞ்ச வேண்டாமா?

உங்கள் வீட்டை இடிக்க நாள் குறித்துவிட்டால், தயவுசெய்து கதவைப் பாதி திறந்து வையுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து, மேல்முளை, கீழ்முளை, குழி, தரைக்கோடு நான்கையும் எடுங்கள். செய்த ஆசாரியின் பெயர் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு அதையும் எழுதி வையுங்கள்.