மார்கழியில் மல்லிக்கு அடம் எதற்கு?

மல்லிகை கோடைப் பூ. இதைச் சொல்ல விவசாயப் பட்டம் தேவையில்லை. நான் படித்தது பி.காம். பங்குனி, சித்திரையில் செடி கொள்ளாமல் பூக்கும். மார்கழிப் பனி விழுந்தால் மொட்டு விடுவது குறைந்துவிடும். அது செடியின் சுபாவம். ஆனால் நம்மாட்களுக்கு தை முதல் முகூர்த்தத்திலும் பொண்ணு தலையில் மல்லிதான் இருக்கணும். வேற பூ வெச்சா கௌரவக் குறைச்சலாம்!

விளைவு? பொங்கலை ஒட்டி மதுரை மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுவதை சமீப வருடங்களில் பார்த்தாச்சு. 'விவசாயிக்கு நாலு காசு கிடைக்குதே, உமக்கென்ன வயித்தெரிச்சல்?' என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். விலை உச்சத்தில் இருக்கும்போது அவரிடம் விற்பதற்குப் பூ இல்லை. சித்திரையில் பூ கொட்டிக் கிடக்கும்போது விலை இல்லை. விடியும் முன் மொட்டு பறிக்கிற பெண்களுக்குக் கூலி கொடுக்கவே கட்டுபடியாகாத நாளும் உண்டு. இதுக்குப் பேர் லாபமா?

களக்காட்டிலிருந்து வள்ளியூர் தாண்டி, ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் போனால் தோவாளை பூச்சந்தை. அங்கே மல்லி மட்டுமா வருது? பிச்சி, கேந்தி, அரளி, சம்பங்கி, கொழுந்து என்று குவிந்து கிடக்கும். பனிக்காலம்தான் செவ்வந்திக்குக் கொண்டாட்டம். டிசம்பர் பூவுக்குப் பேரிலேயே மாசம் இருக்கிறது. அதையெல்லாம் சாமிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, வராத பூவுக்காக மல்லுக்கட்டுகிறோம்.

சரி, காசைக் கொட்டி வாங்கின பூவையாவது ஒழுங்கா வெச்சுக்கிறோமா? அதுவும் கிடையாது. வாழைக்குப் பேர்போன ஊர் களக்காடு. அங்கேயே நைலான் நூலில் கட்டின சரம் பாலித்தீன் பையில் போகிறது. தமிழ்நாட்டில் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்பது வேறு விஷயம். பைக்குள் பூவுக்கு வேர்த்து, அந்த ஈரத்திலேயே காலையில் பழுப்பாகிவிடும். நனைத்த வாழைநாரில் தொடுத்து, வாழை இலையில் பொதிந்து, மேலே ஈரத்துணி சுற்றினால் போதும். காற்றும் போகும், குளிர்ச்சியும் நிற்கும். இன்னொன்று, பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூவை வைக்காதீர்கள். பழுக்கிற வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

வாங்கும்போதும் கண் வேண்டும். மல்லி, பிச்சி என்றால் விரியாத, கெட்டியான மொட்டு. செவ்வந்தி என்றால் இதழ் உதிராத, நடு இன்னும் முழுசாக விரியாத பூ. காம்பு கறுத்திருந்தால் நேற்றைய சரக்கு.

கல்யாண மண்டப அலங்காரத்துக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, தெருவில் பூக்காரம்மாவிடம் அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற வீரர்களே! அடுத்த தடவை 'மல்லி இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'இன்னைக்கு எது புதுசா வந்திருக்கு யக்கா?' என்று கேளுங்கள். பர்ஸும் தப்பிக்கும், செடி வெச்சவரும் பிழைப்பார்.