தாய் மீனுக்கு வழி விடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் போனால் ஒரு காட்சியைக் காணலாம்.

கையில் கம்பும் ரீலுமாக வாலிபர்கள் சிலர் கரையில் நிற்பார்கள். நரம்பை வீசுவார்கள். சுற்றி இழுப்பார்கள். மறுபடியும் வீசுவார்கள்.

தூண்டிலில் புழு இல்லை. இறாலும் இல்லை. ஒரு பொம்மை மீன் தொங்கிக் கொண்டு இருக்கும்!

பொம்மையைப் போய்க் கடிக்கும் அளவுக்கு மீன் முட்டாளா?

முட்டாள் அல்ல. பொம்மையைச் செய்தவன் கெட்டிக்காரன். அவ்வளவுதான்.

கிலுகிலுப்பை மீன்

பொம்மை மீனில் பல வகை உண்டு. பெரும்பாலானவற்றுக்கு முகவாயின் கீழே ஒரு சிறு தகடு நீட்டிக் கொண்டு இருக்கும். அதற்கு "உதடு" என்று பெயர். இழுக்கும்போது அந்த உதடு தண்ணீரைத் தள்ளும். பொம்மை ஆழத்துக்குப் போகும்.

இன்னொரு வகைக்கு உதடே கிடையாது. உடம்பு தட்டையாக இருக்கும். நரம்பை அதன் முதுகில் கட்ட வேண்டும். வயிற்றுக்குள் சிறு குண்டுகள் கிடக்கும்.

வீசியதும் இது தானாகவே மூழ்கும். மனதுக்குள் ஐந்து எண்ணினால் கொஞ்ச ஆழம். பத்து எண்ணினால் இன்னும் ஆழம். வேண்டிய ஆழம் வந்ததும் இழுக்கலாம். இழுத்தால் உடம்பு கிடுகிடு என்று நடுங்கும். குண்டுகள் கிலுகிலுப்பை போல ஒலிக்கும்.

அமெரிக்காவில் பில் லூயிஸ் என்பவர் 1960-களில் செய்த "ராட்-எல்-டிராப்" இந்த வகையில் பெயர் பெற்றது. அங்கே ஏரிகளில் "பாஸ்" என்ற மீனைப் பிடிக்க இதை வீசுகிறார்கள்.

சத்தத்தில் என்ன விசேஷம்?

மீனின் உடம்பில், இரண்டு பக்கமும், தலையில் இருந்து வால் வரை ஒரு கோடு ஓடுகிறது. அது வெறும் கோடு அல்ல. தண்ணீரின் சிறு அசைவையும் உணரும் உறுப்பு. கலங்கிய நீரில் கண் தெரியாவிட்டாலும், பக்கத்தில் ஓர் இரை துடித்தால் மீனுக்குத் தெரிந்து விடும்.

நடுங்கும் பொம்மை அந்தக் கோட்டைத்தான் ஏமாற்றுகிறது.

நம் ஊர் வீரன்

அமெரிக்காவின் பாஸ் மீன் நம் கொசஸ்தலை ஆற்றில் இல்லை. அதற்காக நாம் வருந்த வேண்டியது இல்லை. நம்மிடம் கொடுவா இருக்கிறது!

காசிமேட்டில் மீன் வாங்குகிற எவருக்கும் கொடுவாவைத் தெரியும். முள் குறைவு. சதை வெள்ளை. ருசிக்குக் கேட்க வேண்டியதே இல்லை. விலையும் அப்படித்தான்!

தூண்டிலில் மாட்டிக் கொண்டால் அது லேசில் மசியாது. தண்ணீரை விட்டு மேலே துள்ளும். தலையை உதறும். முள்ளைக் கழற்றி எறியப் பார்க்கும். அந்தப் போராட்டத்துக்காகவே பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் கொடுவாவைத் தேடி வருகிறார்கள்.

கொடுவா கடல் மீனா, ஆற்று மீனா?

இரண்டும்தான். முட்டை இடுவது முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் நுழைகின்றன. அலையாத்திச் செடிகளின் அடியில் ஒதுங்கி வளர்கின்றன. நல்ல தண்ணீர் வரைக்கும் கூட ஏறிப் போகின்றன. பெரிதானதும் முட்டை இட மறுபடியும் உப்பு நீருக்கு வருகின்றன.

இதை விடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு.

கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவம் அடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்கிறது. பிறகு, ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வயதுக்குள், பெண்ணாக மாறி விடுகிறது!

இதன் பொருள் என்ன? ஆற்றில் இருக்கும் பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை தாய் மீன்கள். ஒரு தாய் மீன் லட்சக்கணக்கான முட்டைகளை இடும். அதைப் பிடித்தால் ஒரு மீன் போயிற்று என்று நினைக்கக் கூடாது. ஒரு பரம்பரையே போயிற்று என்று எண்ண வேண்டும்.

பிடிக்கலாம், விடவும் வேண்டும்

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவதை நாம் குறை சொல்லவில்லை. குடித்துக் கூத்தடிப்பதை விட, ஆற்றங்கரையில் பொறுமையாக நிற்பது எவ்வளவோ மேல்.

ஆனால் பெரிய மீன் கிடைத்ததும் என்ன நடக்கிறது? தோளில் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். பிறகு அது குழம்புக்குப் போகிறது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து ராஜ்யத்தில் கொடுவாவுக்குச் சட்டமே இருக்கிறது. அங்கே அதன் பெயர் பாரமண்டி. கிழக்குக் கரையில் 58 செண்டிமீட்டருக்குக் குறைந்த மீனை எடுக்கக் கூடாது. 120 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட மீனையும் எடுக்கக் கூடாது. குஞ்சும் பிழைக்கிறது, தாயும் பிழைக்கிறது.

நம் நாட்டுக்கு இது புதிய நியாயம் அல்ல. கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. மீன் பெருகட்டும் என்பதற்காகத்தான் அந்தத் தடை. வயிற்றைக் கட்டிக்கொண்டு மீனவர்கள் அதற்கு உட்படுகிறார்கள்.

பிழைப்புக்காகப் பிடிப்பவனுக்கே கட்டுப்பாடு உண்டு. பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவனுக்கு மட்டும் இல்லையா?

ஆகவே, முதல் கட்டுப்பாடு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களிடம் இருந்தே தொடங்க வேண்டும். பெரிய கொடுவாவை அவர்கள் தண்ணீரில் விட்டு விட வேண்டும். பொம்மையில் தொங்கும் மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள்ளை மாட்டலாம். முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கி விடலாம். மீனுக்குக் காயம் குறையும், கழற்றுவதும் சுலபம். மீனவர் வலை போட்டிருக்கும் இடத்தில் தூண்டில் வீசக் கூடாது. இது சட்டம் அல்ல, மரியாதை.

எந்த அளவுக்கு மேல் விட வேண்டும் என்பதை யார் சொல்வது? சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்து சாதனை புரிந்த நிலையம் அது. அந்த விஞ்ஞானிகளையும் எண்ணூர் மீனவர்களையும் உட்கார வைத்துப் பேசினால் அளவு கிடைத்து விடும். மீன்வளத் துறை அதைச் சட்டம் ஆக்கலாம்.

விட்டால் மட்டும் போதுமா?

போதாது. விட்ட மீன் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. குழாய் உடையும் போதெல்லாம் சாம்பல் கலந்த நீர் ஆற்றுப் பக்கம் ஓடியது. ஆழம் இருந்த இடம் மேடாகிறது. மேடான இடத்தில் மீன் தங்குமா? இறால்தான் தங்குமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகு கறுத்தது. வலை பாழானது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று குப்பங்கள் எல்லாம் தவித்தன. மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள்!

தூண்டில்காரன் நினைத்தால் மீனை விட்டு விடலாம். எண்ணெய் விடுமா? சாம்பல் விடுமா? அவற்றுக்குத் தாய் மீனும் ஒன்றுதான், குஞ்சும் ஒன்றுதான்.

எனவே, அரசாங்கம் செய்ய வேண்டியவை மூன்று.

ஆற்றில் படிந்த சாம்பலை அகற்ற வேண்டும். செலவை, கொட்டியவர்களே ஏற்க வேண்டும்.

ஆலைகளில் இருந்து மழை நீரோடு ஒரு சொட்டு எண்ணெய் கூட வெளியே வராதபடி, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பே சோதனை நடத்த வேண்டும்.

முகத்துவாரம் மணலால் அடைபடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அது வெள்ளம் வடியும் வழி மட்டும் அல்ல. கொடுவாவின் பிரசவ வழியும் அதுவே.

எண்ணூரில் ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரம் வேண்டும். துறைமுகம் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்பே அங்கே இருந்தது ஆறு. அந்த ஆற்றை நம்பி இருந்தவர்கள் மீனவர்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் வயிற்றில் அடிக்கக் கூடாது.

ஒரு பொம்மைக்குள் கிடக்கும் சிறு குண்டுகளின் சத்தம், கலங்கிய தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குக் கேட்கிறது.

எண்ணூர் குப்பங்களின் குரல், பக்கத்தில் இருக்கும் கோட்டைக்குக் கேட்க வேண்டாமா?