குணமானது எலிக்கா, மனிதருக்கா?



புற்றுநோய் ஆராய்ச்சியின் அண்மைக்கால முன்னேற்றங்களைக் கற்பிக்கும் முதுநிலைக் கருத்தரங்க வகுப்புகளில் பேராசிரியரின் விரிவுரை குறைவு. ஒரு மாணவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துவைப்பார். மற்றவர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள். சோதித்தது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுவிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? எதனோடு ஒப்பிட்டு? அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொருவராக ஆராயும் ஹதீஸ் கலையைப் பயின்றவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. பெயர்பெற்ற இதழ்களில் வெளியான 53 கட்டுரைகளின் 193 சோதனைகளை மீண்டும் செய்துபார்க்க அமெரிக்காவில் ஒரு குழு திட்டமிட்டது. 2021இல் வெளியான முடிவின்படி, 23 கட்டுரைகளின் 50 சோதனைகளையே திரும்பச் செய்ய முடிந்தது. அவற்றிலும் விளைவு, முதலில் கூறப்பட்டதைவிடப் பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருந்தது.

அதற்காக முன்னேற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உடலின் எதிர்ப்பு அணுக்களைப் பிடித்துவைத்திருக்கும் தடையை நீக்கினால் கட்டி கரையும் என்பதை ஜேம்ஸ் ஆலிசன் குழுவினர் எலிகளில் காட்டியது 1996இல். அவ்வழியில் உருவான மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011இல். அவருக்கு நோபல் பரிசு 2018இல். எலியிலிருந்து மனிதரை எட்ட 15 ஆண்டுகள்! நம் நாட்டிலும் மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய உயிரணுச் சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. அதுவும் சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே.

நம் குடும்பக் குழுக்களிலோ 15 நொடிகள் போதும். "கருஞ்சீரகம் புற்றுநோயை அழிப்பதை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டனர்" என்று வருகிறது. உடனே பத்துப் பேருக்குப் போகிறது. கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நாம் நம்புகிறோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவரும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஆனால் அச்செய்தி சுட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் உயிரணுக்களிலும் எலிகளிலும் நடந்தவை. அதை நம்பி, மார்பில் கட்டி கண்ட சகோதரி மூன்று மாதம் எண்ணெய் குடித்துக் காத்திருந்தால், அந்த மூன்று மாதமும் கட்டி காத்திருக்காது. அனுப்பியவருக்கு அதில் பொறுப்பில்லையா?

குடிக்க விரும்புவோர் குடிக்கட்டும். சிகிச்சையை நிறுத்தாமல், மருத்துவரிடமும் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்துகளின் செயலில் குறுக்கிடுவதுண்டு.