இன்சுலின் ஒத்துக்கலையா?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனது என்னவோ ஆகாய கங்கை அருவியைப் பார்க்கத்தான். ஆனா இந்தப் பதிவு அருவி பத்தி இல்லை.

செம்மேட்டுல டீ குடிக்கும்போது பக்கத்துல ஒரு பெரியவர். சர்க்கரைக்கு மூலிகை தேடி வந்தவராம். "இன்சுலின் போட்ட இடம் தடிக்குது, அரிக்குது தம்பி. ஒத்துக்கலை, நிறுத்திட்டேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களாய்யா?"

"சொன்னா திட்டுவாங்கப்பா."

அங்கதான் எனக்கு உறுத்துச்சு.

ஆரம்பத்துல இன்சுலினை மாடு, பன்றியோட கணையத்திலிருந்துதான் எடுத்தாங்க. மனித இன்சுலின்ல 51 அமினோ அமிலம். பன்றியோடது அதுல ஒண்ணு மாறும், மாட்டோடது மூணு மாறும். உடம்பு அதை வெளியாளா நினைச்சு எதிர்ப்பொருள் தயாரிக்கும். பெர்சன், யாலோ ரெண்டு பேரும் இதைக் கண்டுபிடிச்சு எழுதினப்ப ஆய்விதழ்கள் நம்பலை. 'எதிர்ப்பொருள்'ங்கிற வார்த்தையைத் தலைப்புலேர்ந்து எடுத்த பிறகுதான் 1956-ல கட்டுரை வந்துச்சு. அதே யாலோவுக்கு 1977-ல நோபல்!

1982-ல அமெரிக்காவுல மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி கிடைச்சுது. இப்ப இன்சுலின் ஒவ்வாமை அரிது. ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது. காரணம் இன்சுலினா இருக்கலாம், அதுல சேர்க்கிற புரோட்டமின், கிரெசால் மாதிரி பொருளா இருக்கலாம், ஊசி போடுற முறையாவும் இருக்கலாம். ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் போட்டா கொழுப்பு கட்டியா திரளும். அது ஒவ்வாமையே இல்லை. நிஜமாவே ஒவ்வாமைன்னாலும் வேற வகை இன்சுலினுக்கு மாத்தலாம், மருத்துவமனையில வச்சு துளித்துளியா கூட்டி உடம்பைப் பழக்கலாம்.

'ஒத்துக்கலை'ங்கிறது "சாஃப்ட்வேர் வேலை செய்யலை"ன்னு வர்ற புகார் மாதிரி. அதுக்கப்புறம்தான் விசாரணையே ஆரம்பிக்கணும். நாம அதையே தீர்ப்பா எடுத்துக்கறோம்.

மூலிகையை நான் கிண்டல் பண்ணலை. ஆனா அது இன்சுலினுக்கு மாற்று கிடையாது. முதல் வகை சர்க்கரைக்காரர் ஊசியை நிறுத்தினா ஓரிரு நாள்லயே ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. அதனால நோயாளி தானா நிறுத்தக் கூடாது. டாக்டரும் திட்டாம, அந்த அரிப்பை ரெண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்கணும். யாலோ சொன்னதையே முதல்ல நம்பலையே!

பெரியவர் "பார்க்கிறேன் தம்பி"ன்னார். போயிருப்பார்னு நம்புறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஊசி போட்டதும் உடம்பு பூரா தடிச்சாலோ, மூச்சு திணறினாலோ யோசிக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.