பேச்சும் பாட்டும்

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுகளில் ‘பிரிட்பொப்’ என்னும் இசைமரபொன்று செழித்தது. பிளர், பல்ப், எலாஸ்டிகா முதலிய குழுவினர் அமெரிக்கப் பாட்டின் சாயலை விடுத்துத் தம் தெருவையும் தம் பேச்சையும் பாடினர்.

அம்மரபு பின்வந்தோர்க்கு ஈந்தது யாது என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்த மாதங்கி அருட்பிரகாசம், எலாஸ்டிகா 2000இல் வெளியிட்ட இசைத்தொகுதிக்கு முகப்போவியம் அமைத்தார். அக்குழுவின் தலைவி ஜஸ்டின் பிரிஷ்மன் இரவலாகத் தந்த மின்னிசைக் கருவியிலேயே தம் பாட்டைத் தொடங்கினார். ஆயினும் எலாஸ்டிகாவைப் படியெடுத்தாரல்லர். ஏதிலியர் வாழ்வையும் இலண்டன் தெருப்பேச்சையும் பாட்டாக்கினார். 2005இல் தந்தை பெயரால் ‘அருளர்’, 2007இல் தாய் பெயரால் ‘கலா’ வெளிவந்தன. அவர் பெற்றது பிறர் மெட்டன்று. தம் குரலிற் பாடும் துணிவு.

பருத்தித்துறை மாணவர் தம் பேச்சுமொழியிற் பாட்டுக் கட்டினால், ‘இழிசனர் வழக்கு’ என்று நாம் முகஞ்சுளிக்கின்றோம். யானும் அங்ஙனம் சுளித்தவனே. கானல்வரியையும் குரவையையும் இளங்கோவடிகள் காப்பியத்துள் ஏற்றதை மறந்தோமா? ஆசிரியர்காள், பிழையைத் திருத்துக, குரலைத் திருத்தற்க.